நடுங்கும் நாவுக்கு ஒரு பழைய நூல்

ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் படிக்க அழைத்தால், வீட்டில் நாள்தோறும் திருவிவிலியம் வாசிப்போரும் பின்வாங்குவதைக் காண்கிறோம். அன்பியக் கூட்டத்தில் பத்துப் பேர் நடுவே தடையின்றிப் பேசுகிறவர், ஆலயம் நிறைந்த மக்கள் தம்மையே நோக்கும்போது வாயடைத்து நிற்கிறார். இத்தகையோருக்கென எழுதப்படும் சாட்சியச் சிறுநூல்கள் பல உண்டு. அவற்றின் போக்கு ஏறத்தாழ ஒன்றே: பேச அஞ்சினேன், மன்றாடினேன், அச்சம் அந்நொடியே அகன்றது. எழுதியோரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும், மன்றாடியும் நடுக்கம் நீங்காதவருக்கு அவை என்ன சொல்கின்றன என்ற கேள்வி நம்மை உறுத்துகிறது.

உறுத்தலுக்குக் காரணம் உண்டு. வாசகம் படிக்க அஞ்சிய பெண்மணி ஒருவருக்கு அப்படியொரு சிறுநூலை நாமே கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து அதைத் திருப்பித் தந்தவர், "சாமி, எனக்கு விசுவாசம் பத்தலைங்களா?" என்று கேட்டார். செபித்தும் கை நடுக்கம் போகவில்லை. ஆகவே குறை தம் நம்பிக்கையில்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அச்சத்தோடு வந்தவர் மீது குற்ற உணர்வையும் ஏற்றி அனுப்பியவர் நாமே. அந்த வெட்கத்தில்தான், குருமட நாட்களில் தேர்வுக்காக அவசரமாய்ப் புரட்டிய நூலொன்றை மீண்டும் கையில் எடுத்தோம்.

புனித அகுஸ்தினார் ஏறத்தாழ கி.பி. 400-ஆம் ஆண்டில் எழுதிய அந்த நூல், புதிதாய்த் திருமறையை நாடி வருவோர்க்கு முதற் போதனை அளிக்கும் முறையைப் பற்றியது. இருபத்தேழு சிறு அதிகாரங்கள்; ஒரே மூச்சில் படித்துவிடலாம். கார்த்தேஜ் நகரின் திருத்தொண்டர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது. அவர் பெயர் தேயோகிராசியாஸ். 'இறைவனுக்கு நன்றி' என்று பொருள்படும் பெயர். நன்றாகப் போதிப்பார் என்று நம்பிப் பலரையும் அவரிடம் அழைத்து வந்தனர். அவரோ எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று தெரியாமல் திணறினார். நீண்டு, சூடு ஆறிப்போன தம் பேச்சைக் கேட்டுத் தாமே சலித்தார். கேட்பவர் நிலை என்னவோ என்று குமைந்தார். அவருடைய நோய் மேடை நடுக்கம் அன்று. தம் பேச்சின் மீதே கொண்ட வெறுப்பு. இந்த வேறுபாட்டை மறைப்பது முறையன்று. ஆயினும் இரண்டும் ஒரே வேரில் முளைப்பவை என்பது நம் கருத்து. பேசுகிறவன் தன் குரலுக்கே காது கொடுத்து நிற்பதுதான் அந்த வேர்.

மறுமொழி கூறியவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். அகுஸ்தினார் மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியராய் இருந்தவர். 386-இல் அப்பணியைத் துறந்து, 387-இல் திருமுழுக்குப் பெற்றவர். பேச்சையே தொழிலாகக் கொண்டிருந்த இவரும், 391-இல் ஹிப்போ நகரில் குருவாக்கப்பட்டபோது கண்ணீர் விட்டார். மறைநூலைக் கற்கச் சிறிது காலம் வேண்டுமென்று ஆயர் வலேரியுசுக்கு மடல் எழுதினார். பேசத் தெரியும் என்பது வேறு, இறைவார்த்தையைப் பேசத் துணிவது வேறு என்பதை உணர்ந்தவர் அவர்.

ஆகவே அவர் திருத்தொண்டரைக் கடிந்துகொள்ளவில்லை. தம் பேச்சும் தமக்கு ஏறத்தாழ எப்போதும் பிடிப்பதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். உள்ளத்தில் மின்னலாய்த் தோன்றி மறையும் உண்மையை, மெல்ல ஊர்ந்து வரும் சொற்கள் எட்டிப் பிடிப்பதில்லையாம். ஆனால் கேட்போரின் ஆர்வத்தைப் பார்க்கும்போது, தாம் எண்ணுமளவு அது குளிர்ந்துபோனதன்று என்று தெரிகிறதாம். உம்மிடம் மீண்டும் மீண்டும் ஆட்களை அழைத்து வருகிறார்களே, அதிலிருந்தே தெரியவில்லையா என்று திருத்தொண்டரைத் தேற்றுகிறார். எவ்வளவு எளிய சான்று! பேசுகிறவன் தன்னைத் தானே மதிப்பிடும் தீர்ப்பு நம்பத்தக்கதன்று. கேட்பவரைப் பார் என்கிறார்.

அடுத்து, சலிப்புக்கான ஆறு காரணங்களை அவர் ஆராய்கிறார். அனைத்தையும் ஈண்டு விரிக்கத் தேவையில்லை. இரண்டு இடங்களில் மட்டும் நாம் நெடுநேரம் நின்றோம். பேசும்போது பிழை நேருமோ என்ற தயக்கம் ஒன்று. பிழை நேர்ந்தால் என்ன, அமைதியாகத் திருத்திக்கொள்கிறோமா அல்லது கௌரவத்துக்காகப் பிழையையே காக்க முனைகிறோமா என்று இறைவன் சோதிக்கும் வாய்ப்பு அது என்கிறார். பிழையே நேராது என்று அவர் வாக்களிக்கவில்லை. இதையொட்டி இன்னோர் அதிகாரத்தில், சொற்கலைப் பள்ளிகளிலிருந்து வருவோர்க்கு அவர் கூறும் அறிவுரை சுவையானது. ஆயரோ பணியாளரோ இலக்கணப் பிழையோடு மன்றாடினால் நகைக்க வேண்டாம். இறைவனின் செவியை எட்டுவது உள்ளத்தின் குரலே என்கிறார். நம் ஆலயங்களில் வாசகர் 'ழ'கரம் தவறினால் பின்வரிசையில் எழும் நமுட்டுச் சிரிப்பு நினைவுக்கு வருகிறது. மேடை அச்சத்தின் பாதியை உண்டாக்குவோர் கீழே அமர்ந்திருப்போரே. இதைச் சாட்சியச் சிறுநூல்கள் சொல்வதில்லை.

மற்றோர் இடம், அசையாமல் நிற்கும் கேட்பவரைப் பற்றியது. நாம் பேசியும் ஒருவர் முகத்தில் சலனமில்லை. உடனே நம் நெஞ்சு உலர்கிறது. அகுஸ்தினாரோ பார்வையை அவர் பக்கம் திருப்புகிறார். அவர் அஞ்சியிருக்கலாம், கூச்சப்படலாம், சொன்னது விளங்காமல் இருக்கலாம், கால் வலிக்கலாம். கேட்டுப் பார், தேற்று, இருக்கை கொடு என்கிறார். அவருடைய நாட்டில் இறைமக்கள் நின்றுகொண்டே கேட்பது வழக்கம். கடலுக்கு அப்பால் சில ஆலயங்களில் மக்களும் அமர்ந்து கேட்பதைச் சுட்டி, அதுவே மேல் என்று எழுதுகிறார். இறையியல் நூலொன்றில் நாற்காலியைப் பற்றிய அக்கறை! எதுவும் பயனளிக்காவிட்டால், அவரிடம் கடவுளைப் பற்றி மிகுதியாய்ப் பேசுவதைவிட, கடவுளிடம் அவரைப் பற்றிப் பேசு என்கிறார். நாம் வழக்கமாக 'ஆண்டவரே, என் நாவைக் காத்தருளும்' என்றே மன்றாடுகிறோம். இவர் கற்பிக்கும் மன்றாட்டில் நம் நாவுக்கு இடமில்லை. எதிரே நிற்பவருக்கே இடம். அச்சத்துக்கு நம்பிக்கை தரும் மருந்து இந்த இடப்பெயர்ச்சியே என்று நாம் இந்நூலைப் படிக்கிறோம்.

மறைநூலும் இதற்கு மாறாகப் பேசவில்லை. மோசேயின் திக்குவாய் குணமானதாக விடுதலைப் பயண நூல் கூறவில்லை. ஆரோன் துணையாகத் தரப்பட்டார். கொரிந்து நகருக்குத் தாம் மிகுந்த நடுக்கத்தோடு வந்ததைப் பவுலடியார் மறைக்கவில்லை. உரோமைத் திருச்சபையின் பழைய வழக்கமொன்றை அகுஸ்தினாரே தம் தன்வரலாற்று நூலில் குறித்திருக்கிறார். திருமுழுக்குக்கு முன் விசுவாச அறிக்கையை மேடையேறிச் சொல்ல வேண்டும். கூச்சத்தால் தடுமாறக் கூடியவர்களுக்குத் தனிமையில் சொல்லும் சலுகை உண்டு. புகழ்பெற்ற சொற்கலை ஆசிரியர் விக்டோரினுசுக்கும் அது அளிக்கப்பட்டது. அவர் அதை மறுத்துப் பலர் முன் அறிக்கையிட்டார். அவருடைய துணிவு போற்றத்தக்கதே. ஆனால் நம் மனம் அச்சலுகையை வைத்திருந்த குருக்களையே நாடுகிறது. நடுங்குகிறவரை விசுவாசமற்றவர் என அவர்கள் எண்ணவில்லை.

நூலில் குறையும் உண்டு. பின்பகுதியில் மாதிரியாக அவர் தரும் பெரிய உரை, படைப்பு முதல் இறுதித் தீர்வு வரை அனைத்தையும் அள்ளிக் கொட்டுகிறது. கேட்பவர் கொட்டாவி விடுவதைப் பற்றி எழுதிய கைதானா இது என்று கேட்கத் தோன்றுகிறது. அஞ்சுகிற புதியவர் அதைக் கண்டால், இவ்வளவும் நினைவில் வைக்க வேண்டுமா என்று இன்னும் அஞ்சுவார். வாழ்நாளெல்லாம் பேசிப் பழகியவரின் குறை இது: உடல் நடுக்கம், வறண்ட தொண்டை, தாளில் ஆடும் எழுத்து ஆகியவற்றைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அன்பு பார்வையைத் திருப்பும். அன்பு மட்டும் வாசகத்தை மனத்தில் பதிய வைக்காது. மூன்று முறை உரக்கப் படித்துப் பழகுவதும், கடினப் பெயர்களை முன்னரே கேட்டுத் தெளிவதும் வாசகரின் வேலை; அதற்கு நேரம் தருவது பங்குத்தந்தையின் வேலை. சனிக்கிழமை இரவில் வாசகத்தை நீட்டிவிட்டு விசுவாசத்தைப் பற்றி அறிவுரை கூறும் பழக்கத்தை நாம் விட்டுவிட்டோம்.

அப்பெண்மணி இப்போது மாதம் ஒருமுறை வாசிக்கிறார். தாள் ஆடாமலிருக்க வாசக மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார். கடைசி வரிசையில் அமரும் செவித்திறன் குறைந்த முதியவர் ஒருவரைப் பார்த்தே படிக்கிறார்.

இந்நூலை வேதியர்களுக்கோ மறைக்கல்வி ஆசிரியர்களுக்கோ பயிற்றுவிப்போருக்கு ஒரு விண்ணப்பம்: முதல் பதினைந்து அதிகாரங்களைச் சேர்ந்து படியுங்கள். மாதிரிக்கு, இறுதியில் அவர் சேர்த்திருக்கும் சிறிய உரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய உரை காத்திருக்கட்டும்.