உருவப்படமும் நிலைக்களனும்

உருவப்படம் எடுத்தலாவது முகத்தை எடுத்தலே என்று கருதுவோர் பலர். அறையினுள்ளே திரைச்சீலை தொங்கவிட்டு, விளக்கமைத்து எடுக்கப்படும் படத்துக்கு இக்கருத்து ஒருவாறு பொருந்தும். திறந்த வெளியில் எடுக்கப்படும் படத்துக்கோ பொருந்தாது. வெளியிலே மனிதன் தனியே நிற்பதில்லை. மரமும் மதிலும் மலையும் வானும் அவனுடன் கூட நிற்கின்றன. அவற்றுள் எதனைப் படத்தில் விடுவது, எதனை வெட்டி நீக்குவது, அவற்றின் நடுவே மனிதனை எந்நிலையில் நிறுத்துவது என்னும் வினாக்கள் கைத்திறனை மட்டும் சார்ந்தவையல்ல. எதிரே நிற்பவரைப் படமெடுப்போன் யாராகக் கொண்டான் என்பதையும் அவை காட்டிக் கொடுத்துவிடும்.

இவ்வாராய்ச்சிக்குக் கண்டி நகரும் அதன் சுற்றுப்புறமும் ஏற்ற இடமாகும். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1812ஆம் ஆண்டளவில் அமைத்து முடித்த ஏரி, அதனை ஒட்டிய அலைவடிவ மதில், 1821இல் தொடங்கப்பெற்று மகாவலி கங்கையின் வளைவில் விரிந்து கிடக்கும் பேராதனைப் பூங்கா ஆகியவை படமெடுப்போரை ஒன்றரை நூற்றாண்டாக ஈர்த்து வருகின்றன. பூங்காவின் பெரும் புற்றரையிலே குடைபோற் கவிந்து நிற்கும் யாவா அத்திமரத்தின் கீழ் மணமக்களை நிறுத்திப் படமெடுத்தல் இன்று ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. அப்படங்களில் இருவகைக் குறைகள் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. சிலவற்றில் மரம் முழுவதும் விழுந்திருக்கும். மணமக்கள் வேரோடு வேராகச் சிறுத்துக் கிடப்பர். வேறு சிலவற்றில் முகங்கள் இரண்டும் சட்டகத்தை நிறைத்திருக்கும். பின்னே இருப்பது பச்சை நிறக் குழம்பாகக் கரைந்திருக்கும். அக்குழம்பு பேராதனையா, வீட்டுக் கோடியில் நிற்கும் வாழையா என்று எவரும் கூற முடியாது. பின்னணியைக் கரைத்துக் காட்டும் வித்தையைக் கைத்தொலைபேசியும் கற்றுக்கொண்ட இந்நாளில் இரண்டாவது குறையே பெருகி வருகின்றது.

ஒளியைப் பற்றியும் ஒரு சொல். கண்டி வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஆகவே ஏப்ரில் முற்பகுதியிலும் செப்ரெம்பர்த் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் நேரே உச்சிக்கு வருகின்றான்; ஏனைய மாதங்களிலும் உச்சியை விட்டு மிகத் தொலைவு செல்வதில்லை. அந்நேரத்தில் எடுத்த படத்திலே கண்கள் இரண்டும் கருங்குழிகளாகும். மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசைபோல் விழும். சூரியன் படமெடுப்போனது முதுகுப்புறம் இருத்தல் வேண்டும் என்பது ஒளியை மெதுவாக ஏற்கும் படச்சுருள் வழங்கிய காலத்து விதி. அவ்விதியை இன்றும் விடாது பற்றி, எதிரே நிற்பவரின் கண்களைச் சுருங்கச் செய்து, பின்னர் “சிரியுங்கள்” என்று ஏவுவோர் உளர். மரநிழலின் உட்புறமும் வேண்டா, வெயிலும் வேண்டா. நிழல் முடியும் ஓரத்திலே முகம் திறந்த வானை நோக்குமாறு நிறுத்தினால் ஒளி தானே மென்மையாகும். மலைப்பனி விலகாத காலையாயின் அதுவும் வேண்டியதில்லை.

இனி, மனிதனுக்கும் நிலைக்களனுக்கும் உள்ள தொடர்பை நோக்குக. தமிழர் இதனைப் படப்பெட்டி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியத்து அகத்திணையியல் பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரம், விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமே உரிப்பொருள். மூன்றனுள்ளும் உரிப்பொருளே சிறந்தது. ஆயினும் அது தனித்து நின்று சுவை பயப்பது அரிது. வெளியிற் பிடிக்கும் உருவப்படத்துக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் இல்லை. யாவா அத்தி சட்டகத்தை விழுங்கிய படத்தில் முதலும் கருவும் உண்டு, உரி இல்லை. முகம் மட்டும் நிறைந்த படத்தில் உரி இருத்தல் கூடும். அதற்குரிய நிலம் இல்லை.

கண்டிப் படங்களை ஆராயுமுன் தென்மேற்குக் கரையிலுள்ள களுத்துறையில் நடந்த ஒன்றை நினைவுகூர்தல் நன்று. உருவப்படக் கலையிற் பெரும்புகழ் பெற்ற யூலியா மார்கிரெற் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார்; 1879இல் இங்கேயே காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பெற்றார். 1877இல் தாவர ஓவியராகிய மரியான் நோர்த் அவரிடம் விருந்தினராகத் தங்கினார். கமரன் அவருக்குக் கம்பளிச் சால்வைகளைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகள் தலையிற் குத்துமாறு நண்பகல் வெயிலில் நிறுத்தி, வெப்பமானி 96 பாகை காட்டுகையில், இயல்பாக இருக்கும்படி கூறினாராம். அவ்வளவு முயன்றும் படத்தில் விழுந்தது சுவையற்ற சாதாரணப் பெண்ணொருத்தியே என்று நோர்த் தமது வாழ்க்கை வரலாற்றில் நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். ஆனால் அதே கமரன் அதே நோர்த்தை ஓவியச் சட்டத்தின் முன்னே எடுத்த படமொன்றும் உண்டு. அங்கே சால்வை நாடகம் இல்லை. தொழிலிலே ஈடுபட்ட பெண்ணுக்கு நிலை தானே அமைந்துவிட்டது. இன்னவாறு நில் என்று ஏவுவதினும், அவரது பழக்கத்துக்குரிய செயலொன்றைக் கொடுத்துக் காத்திருத்தல் சிறந்தது என்பதற்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்குதல் போதும்.

கமரனது படங்கள் வேறொன்றையும் உணர்த்துகின்றன. இங்கிலாந்தில் அவர் எடுத்த தெனிசன், ஹேர்ஷல், கார்லைல் ஆகியோரின் படங்களில் முகம் சட்டகத்தை நிறைக்கின்றது. பெயரும் உடன் நிற்கின்றது. களுத்துறையிலே அவர் ஏழை மக்களைப் படமெடுத்தபோது பெட்டி பெரும்பாலும் பின்வாங்கிவிட்டது. முழு உருவம், உடை, கலம் எல்லாம் விழுந்துள்ளன, பெயர் இல்லை. தலைசிறந்த கலைஞர் ஒருவரே இவ்வாறு செய்தாரெனின், வணிகம் கருதிப் படமெடுத்தோரைச் சொல்லவேண்டுவதில்லை. 1870களில் கண்டியில் நிலையம் அமைத்த சாள்ஸ் ஸ்கோவன் சிறந்த கைவினைஞர். பேராதனைத் தாவரங்களை அவர் எடுத்த படங்களின் நுட்பம் வியக்கத்தக்கது. எனினும் அவர் போன்றோர் விற்ற மனிதப் படங்களின் கீழே காணப்படுவன ‘தமிழ்ப் பெண்’, ‘சிங்களவர்’ என்னும் குறிப்புகளே. செடிக்குச் சிறப்புப்பெயர் உண்டு, பெண்ணுக்கு இல்லை! கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டதன் பின் பெருகிய கொழுந்து பறிக்கும் பெண்ணின் படங்களுக்கும் அதே கதி. கூடையும் கொழுந்தும் புன்னகையும் பிசகாது விழும். அஞ்சலட்டையில் எந்த மலையின் தேயிலை என்பது எழுதப்பட்டிருக்கும். எவர் பறித்தார் என்பது இராது.

இங்கே ஒரு தடை எழலாம். அகத்திணையிலும் தலைமக்களின் பெயர் சுட்டப்படுவதில்லையே, அவ்வாறிருக்கப் பெயரின்மை குறையாவது எங்ஙனம் என வினவுவர். வினா நன்றே. அகப்பாட்டில் தலைவி பெயரின்றி நிற்பது அவள் உள்ளம் எல்லாருடைய உள்ளமுமாதற்பொருட்டு. அஞ்சலட்டைப் பெண் பெயரின்றி நிற்பது அவள் உள்ளத்தை எவரும் கேளாமையினால். முன்னதில் பெயர் நீங்க உரிப்பொருள் விளங்குகின்றது. பின்னதில் உரிப்பொருளே கருப்பொருளாகிக் கூடையோடு சேர்த்து எண்ணப்படுகின்றது.

இதற்கு மாறான ஒரு முயற்சியைக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிற் காணலாம். 1908இல் வெளியான அந்நூல் கண்டி நாட்டுக் கைவினைஞரைப் பற்றியது. அதன் படங்கள் பலவற்றை எடுத்தவர் அவர் மனைவியார் எதெல். அவற்றுள் தொழில் செய்வோரைக் காட்டும் படங்களை நோக்குமிடத்து அவர்கள் கண்காட்சிக்கு நிறுத்தப்பட்டவராகத் தோன்றுவதில்லை. கையும் கருவியும் சட்டகத்தினுள்ளே இருக்கின்றன; கண் கையின் மேல் இருக்கின்றது. ஒளியமைப்பிலும் தெளிவிலும் ஸ்கோவனுக்கு நிகரானவை அல்ல என்பது உண்மை. உருவப்படம் என்ற அளவில் அவற்றுக்கு மேலானவை.

ஆகவே எங்கே வெட்டுவது என்பதற்குக் கையை அளவுகோலாகக் கொள்ளலாம். மார்போடு வெட்டிய படத்திற் கை இராது. கை இல்லாதபோது வெளியில் எடுத்ததன் பயனிற் பாதி போய்விடும். அடிமுதல் முடிவரை எடுத்தாற் கண்ணின் ஒளி குன்றும். தொடையின் நடுவளவில் வெட்டி, கண்களை மேலிருந்து மூன்றிலொரு பங்கில் வைத்தல் பெரும்பாலும் ஏற்றது. மூட்டு, மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய பொருத்துக்களில் வெட்டினால் உறுப்புக் குறைந்தவர்போலத் தோற்றும். பார்வை ஒருபுறம் சென்றால் அப்புறத்தில் வெளி சற்று மிகுதியாக இருத்தல் வேண்டும். இல்லையேல் சுவரில் முட்டி நிற்பார்போல் இருப்பர். தலைக்குப் பின்னே கமுகோ விளக்குக் கம்பமோ முளைத்தெழாமல் ஓரடி விலகி நிற்பது படமெடுப்போன் கடமை. நிற்பவரை விலகச் சொல்லுதல் வேண்டா. அவர் நிலை குலையும்.

இவை யாவும் ஒருசேரச் சோதனைக்கு உள்ளாகும் நாள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா நாளாகும். ஹந்தானை மலைச்சாரலிலும் அதற்கப்பாலும் உள்ள தோட்டங்களிலிருந்து பெற்றோர் வருகின்றனர். மூதவைக் கட்டடத்தருகே படமெடுப்போர் காத்து நிற்பர். முதலிற் பெற்றோரை ஒதுக்கிவிட்டுப் பட்டதாரியை மட்டும் மார்பளவில் எடுப்பர். பின்னர்க் குடும்பத்தை வரிசையாக நிறுத்திக் கைகளைக் கீழே தொங்கவிடச் சொல்வர். கொழுந்தின் கறை ஏறிய விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொள்ளும் தாய்மார் உண்டு. மறைக்காத தாய்மாரின் கையையும் படத்தின் ஓரம் வெட்டிவிடுகின்றது. தகப்பனார் பெட்டியை நோக்காது மகளின் அங்கியையே நோக்கிக்கொண்டிருப்பார். எடுக்கவேண்டிய படம் அதுவே. அந்நொடியில் “ஐயா, இங்கே பாருங்கள்” என்ற குரல் எழுகின்றது. அவரும் திடுக்கிட்டு நிமிர்ந்து விறைத்துவிடுகின்றார்.

மகளை மட்டும் தனியே பெருப்பித்துத் தரும்படி கேட்போருக்குப் படநிலையத்தார் குடும்பப் படத்திலிருந்தே வெட்டிக் கொடுப்பதும் உண்டு. அவ்வாறு வெட்டிய படங்களின் இடது ஓரத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைத் தோளொன்று பாதியாக நிற்கும்.