மூலமும் மெருகும்

பழம்பொருளை மதிப்பிடுவதும் ஒருவகைத் திறனாய்வே. சுவடி ஆராய்வோர் மூலம் எது, பாடபேதம் எது, இடைச்செருகல் எது எனப் பிரித்தறிவர். அந்நோக்கை ஒரு மோட்டார் வண்டியின்மீது செலுத்தினால், சேகரிப்போர் அதற்காகப் பெரும்பொருள் செலவிடுவதன் காரணம் விளங்கும். ஈண்டு நாம் கொள்வது ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் ‘சில்வர் கோஸ்ட்’.

பொறிஞர் ஹென்றி ராய்சும் வண்டி வணிகர் சார்லஸ் ரோல்சும் 1904-இல் மான்செஸ்டரில் சந்தித்தனர். 1906-இல் அவர்கள் காட்சிக்கு வைத்த புதுவகை வண்டியின் பெயர் ‘40/50 குதிரைத்திறன்’ என்பதே. மறு ஆண்டில் வெள்ளி வண்ணம் பூசிய ஒரு வண்டிக்கு மட்டும், அது ஓசையின்றி ஓடியமையால், வெள்ளி ஆவி என்னும் பொருள்பட ‘சில்வர் கோஸ்ட்’ எனப் பெயரிட்டனர். அவ்வண்டி இடையில் பழுதுற்று நில்லாமல் 14,371 மைல் ஓடிப் புகழ் பெற்றது. 1925-இல் ‘பாண்டம்’ பிறந்தபோது பழைய வகை முழுமைக்கும் அப்பெயர் உரியதாயிற்று. சிறப்புப்பெயர் பொதுப்பெயராயிற்று என்க.

இதற்கிடையே வண்டியும் வளர்ந்தது. 7,036 கன சென்டிமீட்டராக இருந்த ஆறு உருளை இயந்திரம் 7,428 ஆகப் பெருகியது. 1919-இல் மின்விசையால் இயந்திரத்தை முடுக்கும் வசதி சேர்ந்தது; பின்னர் முன்சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது.

நிறுவனம் செய்தளித்தது அடிச்சட்டமும் இயந்திரமுமே. மேற்கூட்டை வாங்குவோர் விருப்பப்படி பார்க்கர் போன்ற கூடு கட்டும் நிறுவனங்கள் அமைத்தன. அடிச்சட்டம் மூலம் எனின், கூடு உரையாகும். பல வண்டிகளில் பழைய கூட்டைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினர். ஆதலின் தேர்ந்த சேகரிப்பாளர் பளபளப்பில் மயங்குவதில்லை. அடிச்சட்ட எண்ணையும் இயந்திர எண்ணையும் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு நோக்குவர்.

ஐதராபாத்து நிஜாம் மகபூப் அலிகான் செய்யப் பணித்த மஞ்சள் நிற அரியணை வண்டி இதற்குத் தக்க சான்று. அதன் கூடு பார்க்கர் கட்டியது. வண்டி வந்துசேருமுன் 1911-இல் அவர் மறைந்தார். பின்னர் விழாக்காலங்களில் மட்டும் ஓடிய அவ்வண்டி இன்று சௌமகல்லா அரண்மனையில் உள்ளது. இன்னார்க்காக, இன்னாரால், இக்காலத்தில் செய்யப்பட்டது என்னும் வரலாறு பிரியாதிருப்பதே அதன் மதிப்பு. காலப்போக்கில் நலிந்ததைச் செப்பனிடல் குற்றமன்று. செப்பனிட்டதை மறைத்தலே குற்றம்.

எனினும் சேகரிப்போரின் திறனாய்வில் ஒரு குறை உண்டு. 1911-இல் வண்டி முகப்பில் ஏறிய பாவையை வடித்த சிற்பி சார்லஸ் சைக்ஸ் பெயரை அவர்கள் அறிவர். அத்தகைய வண்டிகளின் டயருக்குப் பால்மரம் சீவியவர் பெயரை எவரும் கேட்பதில்லை. அந்நாளில் உலகுக்கு ரப்பரை மிகுதியாக அளித்த நாடுகளுள் மலாயாவும் ஒன்று. அதன் தோட்டங்களில் உழைத்தோருள் பெருந்தொகையினர் தமிழர்.

நம் கெலாங் பாத்தா வட்டாரத்திலும் தோட்டங்கள் இருந்த நிலத்தில் குடியிருப்புகள் எழுந்துள்ளன. 1998-இல் இவ்வழியே சிங்கப்பூருக்கு இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டது. தோட்டத்து வீடுகளில் எஞ்சிய மரம் சீவும் கத்தியும் பால் பிடிக்கும் மங்கும் இன்று வெறும் பழைய இரும்பாகவும் ஓடாகவும் எறியப்படுகின்றன. வண்டிக்கு அடிச்சட்ட எண் எப்படியோ, கத்திக்கு அதை ஏந்தியவர் பெயர் அப்படி. யாருடையது, எத்தோட்டத்தது, எவ்வாண்டினது என்று எழுதி வைத்தால் அது வரலாறாகும். எழுதாதுவிடின், எத்துணை மெருகேற்றினும் இரும்பாகவே எஞ்சும். அவ்வெழுத்தை நம் மாணாக்கரே தொடங்கலாம். சொல்லத் தெரிந்த பாட்டன்மார் இன்னும் வீட்டில் இருக்கின்றனர்.