சாணையும் தீட்டுக்கல்லும்

தமிழ்நாட்டில் கத்தி மொண்ணையானால், சாணைக்காரரின் குரல் தெருவில் கேட்கும்வரை காத்திருக்கும் வீடுகள் பல. யாழ்ப்பாணத்தில் மொட்டைக் கத்தியை உடுப்புத் தோய்க்கிற கல்லில் நாலு இழுப்பு இழுத்துத் தீட்டிவிட்டு மீன் வெட்ட உட்காருவார்கள். இரண்டு முறையும் இரு கரையிலும் உண்டு. எது முந்துகிறது என்பதில்தான் வேறுபாடு.

அதைப் பெரிதும் முடிவுசெய்தது கருவியின் வடிவம். தமிழ்நாட்டுச் சமையற்கட்டை நெடுங்காலம் ஆண்டது அரிவாள்மனை. பலகையில் பூட்டிய அந்த வளைந்த அலகு தட்டைக் கல்லில் படியாது. சுழலும் சாணை வட்டு வளைவோடு சேர்ந்து போகும். அந்தக் காலத்து வட்டுகளைக் குருந்தக்கல் தூளை அரக்கில் குழைத்துச் செய்தார்கள். குருந்தக்கல் சேலம், நாமக்கல் பக்கத்திலேயே கிடைத்தது. இலங்கையிலும் அரிவாள்மனை உண்டு. ஆனால் மீனுக்கும் தேங்காய்க்கும் கைக்கத்தியும் மன்னா எனும் பெரிய வெட்டுக்கத்தியும் அங்கே அதிகம் புழங்கின. கைப்பிடி போட்ட நேர் அலகைக் கல்லில் படுக்கவைத்து யாரும் தீட்டலாம்.

பாத்திரத்துக்கும் இதில் பங்குண்டு. தேத்தண்ணிக்குப் பீங்கான் கோப்பை புழங்கும் இலங்கை வீட்டில், கோப்பையைக் கவிழ்த்தால் மெருகு பூசாத அடிவளையமே அவசரத் தீட்டுக்கல். எவர்சில்வர் டம்ளர் நிறைந்த தமிழ்நாட்டு வீட்டில் அம்மியின் விளிம்போ வாசற்படியோ அந்த வேலையைச் செய்தது.

விளைவு ஒன்றல்ல. சாணை நிமிடத்தில் முடியும். ஆனால் இரும்பை நிறையத் தின்னும். பொறி பறக்கப் பிடித்து அலகில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று. கல் மெதுவானது, சூடேற்றாது. பட்டறைக் கத்திக்கு எந்தக் கரடுமுரடான கல்லும் போதும். எவர்சில்வர் கத்திக்குக் கடையில் விற்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் வேண்டும். முதலில் நறநறப்பான பக்கம், பிறகு வழவழப்பான பக்கம்; நனைத்த கல்லில் 15 முதல் 20 பாகைச் சாய்வு. ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். அது தட்டுப்பட்டால்தான் கத்தியைத் திருப்ப வேண்டும்.

தமிழ்நாட்டு அடுக்ககங்களில் அரிவாள்மனை இருந்த இடத்துக்கு இப்போது கைக்கத்தி வந்துவிட்டது. கருவி மாறினால் தீட்டும் முறையும் மாறத்தான் வேண்டும். பல் விழுந்த கத்தி சாணைக்குப் போகட்டும். அன்றாடக் கூர்மைக்கு யாழ்ப்பாணத்து வழியே சரி.