சேற்றில் கிடைக்கும் பாடமும் நம் பயிற்சித்தாளும்

ஆசிரியர்களே, கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கு மாணவர்களை அழைத்துப் போகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால், கையில் என்ன கொடுக்கிறோம்? வகுப்பறையில் செய்த அதே பயிற்சித்தாள்! 'மீன் எதன்வழி சுவாசிக்கிறது?' நான்கு கட்டம். ஒன்றில் மட்டும் சரி போட வேண்டும்.

அங்கே சதுப்புநிலச் சேற்றில் தாவுகிற பெலாச்சாக்கைப் பாருங்கள். அது மீன்தான், செவுளும் உண்டு. கரையேறும்போது செவுள் அறையில் நீரைத் தேக்கிக்கொள்கிறது. ஈரத் தோல் வழியாகவும் சுவாசிக்கிறது. தோல் காயாமல் இருக்கத்தான் சேற்றில் அடிக்கடி புரள்கிறது. இதைக் கவனித்த மாணவன் 'செவுள்', 'ஈரமான தோல்' இரண்டிலும் சரி போட்டால் நாம் என்ன செய்வோம்? சிவப்பு மையால் தப்பு போடுவோம். ஒழுங்காகப் பார்த்தவனுக்கா இந்தத் தண்டனை? அடுத்த முறை அவன் சேற்றைப் பார்க்க மாட்டான். நம் முகத்தைத்தான் பார்ப்பான்.

தாளே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டங்களை எடுத்துவிடுங்கள். 'என்ன பார்த்தாய்? எதனால் அப்படி நினைக்கிறாய்?' இந்த இரண்டு கேள்வி போதும். போகும் நாளில் நீர் வற்றும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஏறினால் சேறு மூழ்கிவிடும். அடுத்த பயணத்தில் செய்துதான் பாருங்களேன்!