எழுதாதவர் கணக்கு

கமுதியில் இருந்துகொண்டு, "இங்கே நல்ல மழை" என்று நீங்கள் சமூக வலைத்தளத்தில் எழுதுகிறீர்கள். நண்பர்களுக்கு அது செய்தி. எங்கோ உள்ள ஓர் ஆராய்ச்சியாளருக்கு அதுவே தரவு. இத்தகைய பதிவுகளை இலட்சக்கணக்கில் கணிப்பொறியால் திரட்டி நாட்டு நிலையை அறியும் முறை இன்று பல்கலைக்கழகங்களில் பரவியுள்ளது. இம்முறை எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

முதலில் இதன் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, உதவி கேட்டும் உதவ முன்வந்தும் மக்கள் ட்விட்டரில் எழுதினார்கள். பின்னர் வீடுவீடாகச் சென்று கேட்டால் மறந்துபோயிருக்கக்கூடிய விவரங்கள், நாளும் மணியும் குறித்தபடியே ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. இது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை.

ஆனால், 2012 அக்டோபரில் நியூயார்க்கைத் தாக்கிய சாண்டி புயலைப் பாருங்கள். சில நாட்களில் 2 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் குவிந்தன. அவற்றில் மிக அதிகமானவை மன்ஹாட்டனிலிருந்து வந்தவை. கடும் சேதமடைந்த ராக்கவே, கோனி ஐலண்டு போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து வந்தவை மிகக் குறைவு என்பதை கேட் கிராஃபோர்டு என்னும் ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். மின்சாரம் போனால் கைப்பேசியும் ஊமையாகிவிடும் அல்லவா?

இனிக் கமுதிக்கு வருவோம். இது கண்மாயையும் மழையையும் நம்பிய பூமி. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது; 2017 சனவரியில் தமிழக அரசு வறட்சியை அறிவித்தது. வெள்ளம் ஓர் இரவில் வரும்; அதைப் படம் பிடித்துப் போடலாம். வறட்சி மாதக்கணக்கில் மெல்ல வரும். கருகும் மிளகாய்ச் செடியைப் பார்த்து நிற்கும் விவசாயி அதை ட்விட்டரில் எழுதுவாரா? குடத்துடன் தண்ணீருக்குக் காத்திருக்கும் பெண் எழுதுவாரா? பதிவு இல்லாததால் பஞ்சமும் இல்லை என்றாகிவிடுமா? அப்படி எண்ணி நிவாரணத்தைப் பங்கிட்டால் நட்டம் யாருக்கு?

மொழியிலும் சிக்கல் உண்டு. வெயில் கொளுத்தும் நாளில், "ஆகா, எங்க ஊர்ல என்னா மழை!" என்று ஒருவர் கேலியாக எழுதினால், கணிப்பொறி அதை மழைக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும்.

தரவு மிகுந்தால் பிழை மறையும் என்பர் சிலர். 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்றது. லாண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46-ஐ வென்றவர் ரூஸ்வெல்ட்! தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களையே இதழ் பெரிதும் நம்பியிருந்தது. போதாக்குறைக்கு, விடை எழுதியவர்களும் எல்லா மக்களுக்கும் மாதிரியாக இல்லை.

மேலும், தரவின் சாவி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2021-இல் ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் திறந்த வாயிலை, இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டர் 2023-இல் மூடியது. பிறர் மீண்டும் சரிபார்க்க முடியாத ஆய்வு எப்படி உறுதிப்படும்?

ஆகவே, இக்கருவியை வீசியெறிய வேண்டியதில்லை. மழைமானி, கண்மாயின் நீர்மட்டம், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிட்டே அதைப் பயன்படுத்த வேண்டும். "இத்தனை இலட்சம் பதிவுகளை ஆராய்ந்தோம்" என்று இனி எங்கேனும் படித்தால், எழுதாதவர்கள் யார், அவர்களை எப்படிக் கணக்கில் சேர்த்தீர்கள் என்று கேளுங்கள்.