‘அக்கினிப் பிரவேச’மும் நமது மௌனமும்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. காரில் ஏற்றிச்சென்ற அந்நியனின் இச்சைக்கு இரையாகித் திரும்பிய மகளைத் தாய் முதலில் அடிக்கிறாள். பின்னர் தலையில் நீரூற்றி, தூயவள் என ஏற்கிறாள். இவ்வருளை நாம் போற்றுகிறோம். எனினும் அத்தாயே, நடந்ததை எவரிடமும் சொல்லலாகாது என்றும் பணிக்கிறாள். தாமாரை வாய்மூடச் செய்த அப்சலோமின் சொல்லும் இதுவே (2 சாமுவேல் 13:20).

இம்மௌனம் யாருக்குப் பயன்படும் என்பதை ஆனைமலையை அடுத்த பொள்ளாச்சி நமக்குக் காட்டிற்று. நட்புப் பாராட்டி நெருங்கியோர் இளம்பெண்களைக் காணொளியில் பதிந்து, அதைக் காட்டி மிரட்டி வதைத்தனர். 2019-இல் ஒரு மாணவி துணிந்து புகார் அளித்தாள்; 2025 மே 13-இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது.

மௌனம் உடலையும் அழிக்கும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கவேண்டும். மிரட்டலுக்கு அஞ்சி ஒளிபவள் அந்நேரத்தை இழக்கிறாள். தாயின் நீர் உள்ளத்தைத் தேற்றும், நோயைத் தடுக்காது.

ஆதலின், உடன் ஊழியரே, நம்மை நாடிவரும் மகளிடம் பாவ அறிக்கை கேளாதிருப்போம். அவள் சொல்வதை நம்பி, அவள் இசைவோடு மருத்துவமனைக்கு உடன் செல்வோம். தாயின் அருளைக் கைக்கொள்வோம். அவள் விதித்த மௌனத்தையோ எவள்மீதும் சுமத்தலாகாது.