நன்றியுரையும் விமர்சனமும்

அயல்நாட்டுக் கலாசார ஸ்தாபனம் ஒன்று சென்னையில் திரைப்பட வாரம் நடத்தி முடித்ததும் பத்திரிகைகளில் வெளியாகும் குறிப்புகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. விளக்கேற்றியவர் யார், தூதரகத்திலிருந்து வந்தவர் யார், எத்தனை நாடுகள், எத்தனை படங்கள், வாசலில் வரிசை எவ்வளவு நீளம். பின்னர், பார்வையாளர் ஒருவர் நெகிழ்ந்துபோனதாக ஒரு வாக்கியம். முடிவில், இம்மாதிரி முயற்சிகள் தொடரவேண்டும் என்று ஓர் ஆசி. இந்தக் குறிப்பிலுள்ள படத்தின் பெயரை நீக்கிவிட்டு வேறெந்தப் பெயரை இட்டாலும் குறிப்புக்கு ஒரு சேதமும் நேராது. எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற பாராட்டு எந்தப் படத்தையும் பற்றியதாக இருக்க முடியாது.

நெகிழ்ந்தவர் பொய் சொல்கிறார் என்பதில்லை. அவர் நன்றி சொல்கிறார். விருந்துக்குப் போய்வந்தவன் குழம்பில் உப்புக் கூடியதைச் சொல்லக்கூடாது என்பது நம்மவர் மரியாதை. இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ நல்ல படம் காட்டிய இடத்தில் அதே மரியாதை தொற்றிக்கொள்கிறது. மாக்ஸ் முல்லர் பவனும் அலியான்ஸ் பிரான்ஸேஸும் சோவியத் கலாசார மையமும் பதினாறு எம்.எம். பிரதிகளைக் காட்டிய 1970களில், 80களில் இந்த நன்றிக்கு அர்த்தம் இருந்தது. வேறு வழியில் அப்படங்களைப் பார்த்திருக்க முடியாது. இன்று திருச்செந்தூரில் இருப்பவன்கூட கைபேசியில் பெர்க்மனைப் பார்த்துவிடலாம். நன்றிக்கான காரணம் பெரும்பாலும் போய்விட்டது. நன்றி மட்டும் நிற்கிறது. 2003இலிருந்து இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்திவரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா பற்றியும் இதே வாய்பாட்டில்தான் எழுதப்படுகிறது.

உலக சினிமா நமக்கு நேற்று வந்ததல்ல. 1952இல் பம்பாயில் தொடங்கிய முதல் சர்வதேசத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்தது. டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' அந்த விழாவில் காட்டப்பட்ட படம். 1957இல் மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டி ஏற்பட்டுவிட்டது. ஆக, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பார்த்ததன் தடம் எங்கே என்பதுதான் கேள்வி. கல்கத்தாவில் 1947இல் ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சத்யஜித் ராய், அடுத்த ஆண்டே இந்தியப் படங்களிடம் என்ன கோளாறு என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். 'பாதேர் பாஞ்சாலி' வந்தது 1955இல். குறை சொல்லும் எழுத்து முதலில், படம் பிறகு. இங்கோ 1954இல் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வந்தது. ஒரு கொலையைப் பற்றிய பலர் பார்வைகளை அடுத்தடுத்து வைத்து உண்மை என்ற ஒன்றையே சந்தேகத்துக்குள்ளாக்கும் அமைப்பு அதில் இருந்தது. ஆனால் பாட்டில்லாத படம் என்பதைத் தாண்டி அதைப் பற்றிய நம் பேச்சு இன்றும் அதிகம் நகர்ந்ததாகத் தெரியவில்லை.

பாராட்டு எப்படிப் படத்தை மறைக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஃபாஸ்பைண்டரின் 'ஃபியர் ஈட்ஸ் த சோல்' (1974). துப்புரவு வேலை செய்யும் வயதான விதவை ஒருத்தி, மொராக்கோவிலிருந்து பிழைக்க வந்த தன்னைவிட இளையவனை மணக்கிறாள். மகன் ஆத்திரத்தில் தொலைக்காட்சிப் பெட்டியை உதைத்து உடைக்கிறான். மளிகைக் கடைக்காரன் அந்த அயலானுக்குச் சாமான் தர மறுக்கிறான். படத்தின் குரூரம் இதற்குப் பிறகுதான் வருகிறது. வியாபாரம் போகிறதே என்று அதே கடைக்காரன் குழைகிறான். அண்டைவீட்டாருக்கு அவளிடம் காரியம் ஆகவேண்டியிருக்கிறது, அவர்களும் குழைகிறார்கள். வெறுப்பு கரைவதில்லை, லாப நஷ்டக் கணக்குக்கு ஏற்ப உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு 'மனிதநேயம்' என்று பெயரிட்டுவிட்டு, ஜெர்மானியருக்கு நன்றி கூறி வெளியே வந்துவிடலாம். ஆனால் ஒரு தேசம் தன்னைக் குற்றஞ்சாட்டும் படத்தைத் தன் ஸ்தாபனம் மூலம் ஊர் ஊராக அனுப்புகிறது என்றால், பார்ப்பவனுக்கு அதிலிருந்து ஒரு கேள்வி பிறக்க வேண்டாமா? இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைகள் நம் தென்மாவட்டங்களில் இருந்தவைதானே. அந்த மளிகைக் கடை மூனிக்கில் மட்டும் இருக்கிறது என்று எண்ண வைப்பது பாராட்டு செய்கிற வேலை.

கியரோஸ்தமியின் 'க்ளோஸ்-அப்' (1990) இன்னொன்று. பிரபல இயக்குநர் மக்மல்பாஃப் தான்தான் என்று சொல்லி ஒரு குடும்பத்துக்குள் நுழைந்த ஏழை ஒருவனின் உண்மை வழக்கு அது. சினிமா முகங்களுக்கு ஓட்டுப்போட்டு ராஜ்யத்தைக் கொடுத்த ஜனங்கள் நாம். அந்தப் படம் நம்மைத் தூங்கவிடாமல் செய்திருக்க வேண்டும். நாமோ ஈரானியப் படங்களில் எளிமையைக் கண்டோம். ஆபாசமில்லை, அடிதடியில்லை என்று மெச்சினோம். இது நம் கோடம்பாக்கத்தைத் திட்டுவதற்கு ஈரானைத் துணைக்கழைப்பது. ஈரானியப் படத்தைப் பார்த்தது ஆகாது.

இனி என் ஊருக்கு வருகிறேன். விஸ்கோந்தியின் 'லா டெர்ரா ட்ரேமா' 1948இல் வந்தது. வெர்காவின் 1881ஆம் வருஷத்து நாவலைத் தழுவியது. சிசிலித் தீவில் ஆசி ட்ரெட்ஸா என்ற மீனவ கிராமம். நடிப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களே, பேசுவது அவர்களுடைய பேச்சே. அந்தப் பேச்சு இத்தாலியர்களுக்கே புரியாது என்பதால் இத்தாலிய மொழியில் ஒரு விவரணைக் குரல் சேர்க்க வேண்டியிருந்தது. மொத்த வியாபாரிகள் வைத்ததே விலை. மூத்த மகன் அந்தோனி கொதித்தெழுகிறான். வீட்டை வங்கியில் அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள். நெத்திலி ஏராளமாகப் படுகிறது, உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைக்கிறார்கள். பின்னொரு நாள் புயலில் படகு போகிறது. உப்பிட்ட நெத்திலியை அதே வியாபாரிகளிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளவேண்டி வருகிறது. வீடு வங்கிக்குப் போகிறது. அந்தோனி அவர்களிடமே கூலிக்குத் திரும்புகிறான்.

இதை ஆங்கில எழுத்தோடு குளிர்பதன அரங்கில் பார்ப்பவனுக்கு இது 'நியோ ரியலிஸம்'. அமலிநகரிலோ ஆலந்தலையிலோ மணப்பாட்டிலோ பார்ப்பவனுக்கு இது கணக்கு. முன்பணம் வாங்கியவன் பிடித்ததை யாரிடம் போடவேண்டும், எடை யார் பார்ப்பது, விலை கரையில் எப்போது தீர்மானமாகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். முத்துக்குளிப்பு 1961இல் நின்றுபோன பின்னும் கடன் நிற்காத கரை இது. கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து அடமானச் சீட்டு எழுதுகிறவன் என்பதால் அந்த வீடு கைமாறும் இடத்தை என்னால் கலையாக மட்டும் பார்க்க முடியவில்லை. அதே சமயம் ஒன்று சொல்லவேண்டும். புயலின்போது கறுப்புச் சால்வை போர்த்திய பெண்கள் பாறைமேல் நின்று கடலைப் பார்க்கும் காட்சி மிக அழகாக இருக்கிறது, அளவுக்கு மீறி அழகாக. காத்திருத்தலின் அசிங்கம், அலறல், ஒருவரையொருவர் ஏசிக்கொள்வது எல்லாம் அந்தச் சித்திர ஒழுங்கில் அடங்கிப்போகின்றன. பிரபு வம்சத்து விஸ்கோந்தியின் கண் அங்கே ஏழைகளைச் சிலைகளாக்கிவிடுகிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலை அருகில் வைத்துப் பார்க்கலாம். லாஞ்சிக்கும் வள்ளத்துக்கும் இடையிலான பகை, வள்ளத்தை விட மனமில்லாத குரூஸ். விஸ்கோந்தியிடம் இருக்கும் சுரண்டல் பற்றிய தெளிவு அதில் இல்லை. ஆனால் வண்ணநிலவனின் மனிதர்கள் சிலையாவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று திருத்துகின்றன. இப்படி ஒப்பிட நமக்குச் சொந்தமாக ஓர் அளவுகோல் வேண்டும். அது நம் கரையிலேயே கிடக்கிறது.

மலைக்கு மேற்கே இதே படங்களைத்தான் பார்த்தார்கள். 1965இல் திருவனந்தபுரத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் தொடங்கிய சித்ரலேகா, பார்ப்பதோடு நிற்காமல் 1972இல் 'ஸ்வயம்வர'த்தைத் தயாரித்தது. ஜான் ஆபிரகாமின் ஒடேஸா ஊர் ஊராகப் படம் காட்டி ஜனங்களிடமே பணம் திரட்டி 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தது. அதே ஜான் தமிழில் வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையில் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) தேசிய விருது பெற்ற பிறகும் நம் பத்திரிகைகள் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. அயலார் திரையிடலுக்கு இடம் ஒதுக்கும் பத்திரிகைக்கு, தன்னைக் கேள்வி கேட்கும் தமிழ்ப் படத்துக்கு இடமில்லாமல் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தூரத்திலிருப்பதைப் புகழ்வதில் எந்த அபாயமும் இல்லை.

நம் பக்கத்திலும் விதிவிலக்கு உண்டு. திருநெல்வேலியில் உலகப் படங்களைக் காட்டிவந்த காஞ்சனை திரைப்பட இயக்கத்தின் ஆர்.ஆர். சீனிவாசன், 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தின் மீது நடந்த போலீஸ் தடியடியில் பதினேழு பேர் மாண்டதை 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படமாக்கினார். உலகப் படம் பார்த்துப் பழகிய கண் தன் ஊர் ஆற்றைப் பார்த்த தருணம் அது. எந்தத் திரைப்பட வாரத்துக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது.

கலாசார ஸ்தாபனங்கள் படம் காட்டட்டும், அது அவர்கள் வேலை. நம் வேலை வேறு. அடுத்த திரைப்பட வாரம் முடிந்ததும், காட்டப்பட்டதில் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அது எங்கே சாதிக்கிறது, எங்கே சறுக்குகிறது, நம்மிடம் என்ன கேட்கிறது என்று தமிழில் நாலு பக்கம் யாராவது எழுதட்டும். ஸ்தாபனத்தின் பெயர் அதில் வராவிட்டாலும் பாதகமில்லை.